கல்லில் செதுக்கிய கருவிகள்: ஸ்காட்லாந்தின் பழைய கல்லறைகள் சொல்வது என்ன?

எடின்பரோ நகரின் கேனன்கேட் கல்லறைத் தோட்டத்தில் 1765-ஆம் ஆண்டு நிறுத்திய கல் ஒன்று இருக்கிறது. குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டி ஒன்று பாலத்தைக் கடந்து போவதாக அதில் செதுக்கியிருக்கிறார்கள். கல்லை நிறுத்தியது கேனன்கேட் கோச்சு வண்டியோட்டிகளின் சங்கம். தங்கள் உறுப்பினர்களை அடக்கம் செய்ய அவர்கள் வைத்திருந்த நிலத்துக்கு அது அடையாளம். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் அடக்கமாகியிருப்பதும் இதே தோட்டத்தில்தான். அவரைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதி முழுவதும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இத்தகைய கற்கள் பரவிக் கிடக்கின்றன. கொல்லருக்குச் சுத்தியல், தையற்காரருக்குக் கத்தரிக்கோல், நெசவாளருக்குத் தறி நாடா, ரொட்டி சுடுபவருக்கு நீண்ட பிடிபோட்ட துடுப்பு. அவற்றுக்குக் கீழோ பின்புறத்திலோ மண்டை ஓடு, குறுக்கெலும்பு, மணல்கடிகாரம். உருவ வழிபாட்டைக் கண்டித்து, தேவாலயச் சிலைகளை உடைத்தெறிந்த ஒரு நாட்டில் கல்லறைத் தோட்டம் மட்டும் எப்படி இத்தனை சிற்பங்களைப் பெற்றது? சாவைச் சொல்லும் இடத்தில் பிழைப்புக்கான கருவிக்கு என்ன வேலை? நூறாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் பல பதில்களைச் சொல்லி வந்திருக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவிகளில் துக்கத்தைவிட உரிமைதான் அதிகம் பேசுகிறது. அவற்றை எழுத்தறியாதவர்களின் பட எழுத்தாகவோ மறைகுறியாகவோ படிப்பது அவற்றைச் செதுக்கச் சொன்ன மனிதர்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

1560-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ரோம் திருச்சபையோடு இருந்த உறவை முறித்தது. புதிய சீர்திருத்தத் திருச்சபைக்கு, ஆலயத்தின் தரைக்குள் பிணம் புதைப்பது பிடிக்கவில்லை. அது இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளும் பழைய பழக்கத்தின் மிச்சம் என்று கருதினார்கள். திருச்சபையின் பொதுப் பேரவை அதைத் தடை செய்தது. தடையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வந்ததே அது எவ்வளவு மீறப்பட்டது என்பதற்குச் சான்று. லானர்க் ஊரின் போதகர் வில்லியம் பெர்னி 1606-இல் இந்தப் பழக்கத்தைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். பிரபுக்கள் ஆலயத்தை ஒட்டித் தனி அடக்கக் கூடம் கட்டிக்கொண்டு தடையிலிருந்து நழுவினார்கள். மற்றவர்கள் வெளியே வந்தார்கள்.

வெளியே வந்ததுதான் திருப்பம். நகரத்து நடுவில் இடம் போதாததால் மேரி அரசி 1562-இல் எடின்பரோவுக்கும் 1564-இல் டண்டீக்கும் பழைய பிரான்சிஸ்கன் துறவியரின் நிலங்களைப் புதைகாடாக வழங்கினார். எடின்பரோவில் அது கிரேஃபிரையர்ஸ்; டண்டீயில் அது ஹௌஃப். முன்பு ஆலயத்தின் உள்ளே பிரபுவுக்கும் குருவுக்கும் மட்டுமே வாய்த்த கல், இப்போது திறந்த வெளியில் காசு கொடுக்கக்கூடிய எவருக்கும் வாய்த்தது. தேவாலயத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில், ஞாயிறுதோறும் ஊரே அந்தக் கற்களுக்கு நடுவே நடந்துதான் பிரசங்கம் கேட்கப் போனது. பார்வையாளர்கள் நிச்சயமாகக் கிடைக்கும் இடம் அது.

உருவத்தை வெறுத்தவர்கள் எப்படி இதை அனுமதித்தார்கள் என்ற கேள்விக்கு விடை அவ்வளவு சிக்கலானதல்ல. அவர்கள் வெறுத்தது வணங்கப்படும் உருவத்தை. மண்டை ஓட்டையும் சுத்தியலையும் யாரும் வணங்கப்போவதில்லை. கல்லறைத் தோட்டம் ஆராதனை நடக்கும் இடமும் இல்லை. ஆகவே சிலுவையும் புனிதர் உருவங்களும் பெரும்பாலும் ஒதுங்கின. மற்றவை தாராளமாக வந்தன. ஆதாமும் ஏவாளும்கூட வந்தார்கள். பீபிள்ஸ் பகுதியில் லைன் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் 1712-ஆம் ஆண்டுக் கல் ஒன்றில், இருவரும் மரத்தின் இருபுறமும் நிற்கிறார்கள். பாவத்தின் சம்பளம் மரணம் என்ற போதனையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான காட்சி வேறில்லை.

கருவியைக் கல்லில் வெட்டும் வழக்கம் சீர்திருத்தத்தோடு பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கு மலைநாட்டில் 14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை செதுக்கிய கல்லறைப் பலகைகளில் வாளும் பாய்மரப் படகும் ஏராளம். கீல்ஸ் ஆலயத்திலுள்ள ஒரு பலகையில் யாழ் இருக்கிறது. இத்தகைய பலகைகளில் கத்தரிக்கோலும் உண்டு. அது பெண்ணைக் குறிக்கிறதா, கம்பளித் தொழிலைக் குறிக்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த மரபு குலத்தலைவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் உரியது. தாழ்நிலத்தில் பிற்காலத்தில் நடந்தது வேறு: நகரத்துக் கைவினைஞரும் கிராமத்துக் குத்தகை விவசாயியும் கல்லின் சொந்தக்காரர்களாகத் தலையெடுத்தார்கள்.

சாவின் சின்னங்களை முதலில் பார்த்துவிடலாம். மண்டை ஓடு, எலும்பு, மணல்கடிகாரம், சவப்பெட்டி, அம்பு, நீண்ட பிடி அரிவாள் ஆகியவை பொதுவான கூட்டம். இவற்றுக்கு இடையே சிறு கைமணி ஒன்று அடிக்கடி தென்படும். அது சாவு மணி. யாராவது இறந்தால், திருச்சபை ஊழியர் அந்த மணியைக் குலுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் இறந்தவரின் பெயரையும் அடக்க நேரத்தையும் அறிவிப்பார். ஊர்வலத்தின் முன்னாலும் அதை அடித்துப் போவார். குறுக்காக வைத்த மண்வெட்டியும் மண்வாரியும் குழி தோண்டுபவரின் கருவிகள். தோட்டக்காரரின் கல்லிலும் மண்வெட்டி வரும் என்பதால், இவ்விரண்டையும் ஆய்வாளர்களே சில சமயம் குழப்பிக்கொள்வதுண்டு. பக்கத்தில் சவப்பெட்டியும் மணியும் இருந்தால் குழி. புல்வாரியும் செடியும் இருந்தால் தோட்டம். ஊர்க்காரர்கள் வாரந்தோறும் கண்ணால் கண்ட, காதால் கேட்ட பொருள்கள் இவை.

எதிர்ப்பக்கத்தில் நம்பிக்கையின் சின்னங்கள். சிறகு முளைத்த முகம், எக்காளம் ஊதும் தூதர், கிரீடம், இதயம். சிறகு முளைத்த முகம் உடலை விட்டுப் பறக்கும் ஆன்மா. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கல்லறைகளை 1960-களில் ஆராய்ந்த ஜேம்ஸ் டீட்ஸும் எட்வின் டெத்லெஃப்சனும், முதலில் மண்டை ஓடு, பிறகு கேருபீன் என்னும் சிறகு முகம், கடைசியாக ஜாடியும் வில்லோ மரமும் என்று காலவரிசை ஒன்றை நிறுவினார்கள். சமயக் கடுமை தளரத் தளரச் சின்னமும் மென்மையானது என்பது அவர்கள் வாதம். அந்த அழகான வரிசையை ஸ்காட்லாந்தின் மேல் அப்படியே பொருத்த முடியாது. இங்கே ஒரே கல்லின் உச்சியில் சிறகு முகமும் அடியில் மண்டை ஓடும் சேர்ந்தே நிற்கின்றன. மேலே ஆன்மா, கீழே எலும்பு, நடுவில் பெயரும் தொழிலும். ஒன்று போய் மற்றொன்று வந்தது என்பதைவிட, இரண்டையும் ஒருசேரச் சொல்வதுதான் இந்நாட்டு வழக்கம்.

இனி கருவிகளுக்கு வருவோம். இதற்கு டண்டீயின் ஹௌஃபைவிடச் சிறந்த இடமில்லை. ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், கையுறை செய்பவர், தையற்காரர், தொப்பி பின்னுபவர், இறைச்சி வெட்டுபவர், சுத்தியல் தொழிலாளர், நெசவாளர், சாயமிடுபவர் என்று ஒன்பது கைவினைச் சங்கங்கள் டண்டீயில் இருந்தன. அவை தங்கள் கூட்டங்களை இந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் நடத்தின. நகராட்சிக்கு அதற்காக வாடகையும் கட்டின. 1776 வரை, அதாவது சொந்தக் கட்டடம் எழும்பும்வரை, இதுவே நடைமுறை. புதிய உறுப்பினரைச் சேர்ப்பதும், விதி மீறியவருக்கு அபராதம் போடுவதும், விதவைக்கு உதவித் தொகை ஒதுக்குவதும் முன்னோரின் கற்களுக்கு நடுவில் நடந்தன. அங்கே சுத்தியலுக்கு மேல் கிரீடம் வைத்த கல்லைக் கண்டால், அது சுத்தியல் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை. தோல் வெட்டும் பிறை வடிவக் கத்திக்கு மேல் கிரீடம் என்றால் செருப்புத் தைப்பவர். வாயில் நாடாவைக் கவ்விய சிறுத்தைத் தலை என்றால் நெசவாளர். தையற்காரரின் கல்லில் கத்தரிக்கோலோடு இஸ்திரி இரும்பும் சேரும்.

கிரீடம் எங்கிருந்து வந்தது? அரசரின் பெயரால் கிடைத்த உரிமை என்றே பொதுவாகப் படிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் சாசன நகரங்களில் சங்கத்தில் சேராத ஒருவர் அந்தத் தொழிலைச் செய்து விற்க முடியாது. பல வருடம் தொழில் பழகி, தேர்வுப் பொருள் ஒன்றைச் செய்து காட்டி, நுழைவுக் கட்டணம் செலுத்திய பிறகே ஒருவர் உரிமை பெற்ற தொழிலாளி ஆவார். சுத்தியல் தொழிலாளர் என்ற பெயருக்குள் கொல்லர், பூட்டுத் தொழிலாளர், சேணம் செய்பவர், வெள்ளீயப் பாத்திரம் செய்பவர் என்று பலர் அடக்கம். கிளாஸ்கோவில் இத்தகைய 14 சங்கங்களுக்கு 1605-இலேயே கூட்டமைப்பு ஒன்று உருவாகி, இன்றும் அது இயங்குகிறது. பிணத்தின் மேல் போர்த்தும் கறுப்புத் துணியைச் சில சங்கங்கள் சொந்தமாக வைத்திருந்தன. உறுப்பினரின் இறுதி ஊர்வலத்துக்கு மற்றவர்கள் வந்தாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. கல்லில் செதுக்கிய கருவியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அது ஒரு தனிமனிதரின் கைப்பொருளாகத் தெரிவதில்லை. இந்த ஊரில் இந்தத் தொழிலைச் செய்ய எனக்கு உரிமை இருந்தது, என் மகனுக்கும் இருக்கிறது என்ற அறிவிப்பாகத் தெரிகிறது.

கிரேஃபிரையர்ஸில் ஜேம்ஸ் போர்த்விக் என்ற அறுவை மருத்துவரின் 17-ஆம் நூற்றாண்டு நினைவுச் சுவரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நடுவில் ஆடுவதுபோல் நிற்கும் எலும்புக்கூடு. சுற்றிலும் அறுவைக் கருவிகள். சாவின் உருவம் நடனமாடுவது ஐரோப்பாவெங்கும் பழகிய காட்சிதான். ஆனால் எடின்பரோவின் நாவிதர்-அறுவையர் சங்கம் 1505-இல் நகரத்திடம் பெற்ற சாசனத்தில், மரண தண்டனை பெற்றவர் ஒருவரின் உடலை ஆண்டுக்கு ஒருமுறை அறுத்துப் படிக்கும் உரிமையும் இருந்தது. ஆகவே அந்த எலும்புக்கூட்டை மரணம் என்றும் படிக்கலாம், பாடப்பொருள் என்றும் படிக்கலாம். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சிற்பத்தின் வலிமை என்று நினைக்கிறேன்.

இப்போது பிற பதில்கள். மிகப் பரவலாகச் சொல்லப்படுவது, மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் படம் போட்டார்கள் என்பது. சுற்றுலா வழிகாட்டிகள் இதைச் சளைக்காமல் சொல்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனாலும் கற்களே இதற்கு எதிர்ச்சாட்சி. தொழிற்சின்னம் உள்ள ஏராளமான கற்களில் நீளமான எழுத்தும் இருக்கிறது. சிலவற்றில் செய்யுளும் லத்தீன் வாசகமும்கூட. ஒவ்வொரு திருச்சபைப் பிரிவிலும் பள்ளி வேண்டும் என்று 1696-இல் சட்டம் இயற்றிய நாடு அது. வேதாகமத்தை வாசிப்பதைக் கடமையாக்கிய சமயம் அது. அதோடு, தொழிற்சின்னங்கள் செழித்தது எழுத்தறிவு வளர்ந்துகொண்டிருந்த 18-ஆம் நூற்றாண்டில்தான். எழுத்துக்கு மாற்றாக வந்திருந்தால் அவை குறைந்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறான வாசிப்பு, மூலைமட்டத்தையும் கவராயத்தையும் கண்ட இடமெல்லாம் ஃப்ரீமேசன் என்ற மறைச்சங்கத்தின் குறி என்பது. கல்தச்சரும் மரத்தச்சரும் அன்றாடம் கையாண்ட கருவிகள் அவை. பக்கத்தில் உளியும் கொட்டாப்புளியும் இருந்தால் கல்தச்சர், கோடரி இருந்தால் மரத்தச்சர் என்றே முதலில் எண்ண வேண்டும். மேசன் லாட்ஜுகள் ஸ்காட்லாந்தில் தொழில் செய்யும் கல்தச்சர்களிடமிருந்தே கிளைத்தன என்பதால் சில கற்கள் இரண்டு பக்கமும் சாயும். ஆனால் மறைபொருளைத் தேடுவதற்கு முன் தொழிலைத் தேடுவதே முறை. மண்டை ஓட்டைக் கடற்கொள்ளையரோடும் கொள்ளைநோயோடும் முடிச்சுப் போடுவதற்கு இந்த அளவுக்குக்கூட ஆதாரமில்லை.

சங்க உரிமை என்ற விளக்கத்துக்கும் எல்லை உண்டு. ஆங்கஸ், பெர்த், ஃபைஃப் பகுதிகளின் கிராமத்துக் கல்லறைகளில் கலப்பை இரும்புகள் நிறையவே காணப்படுகின்றன: மண்ணை முன்னால் கீறும் கத்தியும், பின்னால் அடிமண்ணை அறுக்கும் கொழுவும். விவசாயிக்குச் சங்கம் கிடையாது. நிலமும் பெரும்பாலும் அவருடையதல்ல. நிலப்பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்தது. பிறகு எதன் உரிமையை அவர் அறிவிக்கிறார்? மரக்கலப்பையில் விலை உயர்ந்த பகுதி அந்த இரும்புகள்தாம். நிலம் பிரபுவுடையது, உழுகருவி என்னுடையது என்று சொல்வதுபோல் அவை நிற்கின்றன. மாவாலைக்காரரின் கல்லில் திரிகைக் கல்லின் நடுவே பொருத்தும் இரும்பு வருகிறது. குத்தகைதாரர்கள் தங்கள் தானியத்தைக் குறிப்பிட்ட ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்நாளில் இருந்ததால், அவர் கிராமத்தில் செல்வாக்கான ஆள். பலரின் வெறுப்புக்கும் ஆளானவர். கடலோர ஊர்களில் நங்கூரமும் பாய் விரித்த கப்பலும் வரும். தெற்கே காலோவேயில் கெல்ஸ் கல்லறைத் தோட்டத்தில், 1777-இல் இறந்த வேட்டைக் காவலர் ஒருவரின் கல்லில் துப்பாக்கி, மருந்துக் குடுவை, தூண்டில், நாய், பறவை எல்லாம் இருக்கின்றன. அவரும் எந்தச் சங்கத்திலும் இல்லை. பிரபு குடும்பத்தின் ஊழியர்.

இங்கேதான் சமய விளக்கம் உதவுகிறது. சீர்திருத்தத் திருச்சபை பின்பற்றிய கால்வின் வழிப் போதனையில், கடவுள் ஒவ்வொருவரையும் ஒரு வேலைக்கு அழைக்கிறார். செருப்புத் தைப்பதும் பிரசங்கம் செய்வதும் அந்த அழைப்பில் சமம். அந்த வேலையை உண்மையாகச் செய்து முடித்தவர் தன் கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போதகரின் கல்லில் வேதாகமமும் கொல்லரின் கல்லில் சுத்தியலும் ஒரே அளவில் செதுக்கப்பட்டு நிற்பது இந்தப் போதனை மக்களிடம் இறங்கியதற்கு அடையாளம். ஆயினும் இதை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் விளக்க முடியாது. அதே போதனை நிலவிய பிற நாடுகளில் தொழிற்கருவிகள் இந்த அளவுக்குக் கல்லேறவில்லை.

நான் மிக முக்கியமாகக் கருதுவது பலர் போகிறபோக்கில் கடந்துவிடும் ஒரு செய்தி. இந்தக் கற்களில் பெரும்பகுதி, கருவிக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போதே நிறுத்தியவை. நெசவாளர் ஒருவர் இறந்த மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கல் வைக்கிறார். கல்லில் இருப்பது அவருடைய நாடா. கல்லின் ஆண்டு பல நேரம் இறந்த ஆண்டு அல்ல. கல் நிறுத்திய ஆண்டு. பெயருக்குப் பதில் கணவன், மனைவி இருவரின் முதலெழுத்துகள் மட்டும் பெரிதாக வெட்டிய கற்களும் எண்ணற்றவை. அந்தக் குழிநிலம் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்று காட்டும் எல்லைக்கல் அது. ஆக, கருவி சொல்வது இறந்தவர் யார் என்பதை மட்டுமல்ல. இந்த ஆறடி நிலம் யாருடையது, இதற்குப் பணம் கொடுத்தவர் யார், அடுத்து இங்கே வரப்போகிறவர் யார் என்பதையும்தான். பிற்காலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள் சேர்ந்துகொண்டே போவதற்கும் இதுவே காரணம்.

பெண்கள் இதில் எங்கே? ஸ்காட்லாந்தில் திருமணமான பெண்ணைக் கல்லறையில் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிப்பது வழக்கம். குடும்ப வரலாறு தேடுவோருக்கு அது பெரும் கொடை. ஆனால் அவள் நூற்றாள், மது வடித்தாள், மீன் சுமந்து விற்றாள் என்பதைச் சொல்லும் கருவியை அவளுக்கென்று காண்பது அரிது. தன் பெயரோடு, கணவனின் கருவிக்குக் கீழே அவள் கிடக்கிறாள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நிலை இன்னும் கொடியது. 1606-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் முதலாளியோடு கட்டிப்போட்டது. 1775, 1799 ஆண்டுச் சட்டங்களே அவர்களை முழுதாக விடுவித்தன. கிரீடம் சூடிய சுத்தியலைப் பார்த்து வியக்கும்போது, தொழிலே தளையாக இருந்த இவர்களையும் நினைக்க வேண்டும். நமக்கு எஞ்சியிருப்பது கல்லுக்குக் காசு கொடுக்க முடிந்தவர்களின் வரலாறு.

இந்த வழக்கம் ஏன் நின்றது? ஆடம் ஸ்மித்திடம் திரும்புவோம். 1776-இல் வெளியான தம் பெருநூலில் அவர் கைவினைச் சங்கங்களின் தனியுரிமையையும் நீண்டகாலத் தொழில்பழகு முறையையும் கடுமையாகத் தாக்கினார். 1790-இல் அவரை அடக்கம் செய்தபோது கேனன்கேட் தோட்டத்தில் வண்டியோட்டிகள் சங்கத்தின் கல் ஏற்கெனவே நின்றிருந்தது. ஆலைகள் பெருகின, சாசன நகரத்துக்கு வெளியே தொழில் வளர்ந்தது. 1846-இல் நாடாளுமன்றமே சங்கங்களின் தனியுரிமையை ரத்து செய்தது. உரிமை போனபின் முத்திரைக்குப் பொருளில்லை. ரசனையும் மாறியிருந்தது. 1830-களின் தொடக்கத்தில் திறந்த கிளாஸ்கோ நெக்ரோபோலிஸ் போன்ற பூங்காக் கல்லறைகளில் தூண்களும் ஜாடிகளும் வந்தன. அபர்டீனில் நீராவி இயந்திரத்தால் மெருகேற்றிய கருங்கல் வந்தது. உள்ளூர்க் கல்தச்சர் மணற்கல்லில் கையால் வெட்டிய நாடாவுக்கும் கத்தரிக்கும் அங்கே இடமிருக்கவில்லை.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குச் சிலர் காரணம். மருத்துவரும் தொல்பொருள் அறிஞருமான டேவிட் கிறிஸ்டிசன் 1902-இல் தாழ்நிலக் கல்லறைச் சிற்பங்களைப் படங்களோடு தொகுத்து வெளியிட்டார். பெட்டி வில்ஷர் 1978-இல் டோரின் ஹண்டரோடு சேர்ந்து 18-ஆம் நூற்றாண்டுக் கற்களைப் பற்றி நூல் எழுதினார். 1985-இல் இவற்றைப் படிப்பதற்கும் பதிவு செய்வதற்கும் கையேடுகள் தந்தார். இன்றைக்கு இந்தத் துறையில் யார் எழுதினாலும் வில்ஷர் அம்மையாரின் உழைப்பின் மேல் நின்றுதான் எழுதுகிறார்கள்.

இந்த ஆய்வாளர்கள் பதிவு செய்த கற்களில் பல இப்போது அதே நிலையில் இல்லை. மணற்கல் அடுக்கடுக்காக உரிகிறது. ஈரமும் உறைபனியும் சிற்பத்தின் தோலைப் பெயர்த்துவிடுகின்றன. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்களைப் பராமரிக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கு வந்தது; ஆனால் பணம் போதவில்லை. 2015-இல் கிளாஸ்கோவில் கல் விழுந்து சிறுவன் ஒருவன் இறந்தபின், ஆடும் கற்களைச் சோதிப்பதும் படுக்க வைப்பதும் பெருகியிருக்கிறது. உயிர்தான் முதன்மை, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் செதுக்கிய முகம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தாலும், மழைநீர் தேங்கும்படி மல்லாத்தி வைத்தாலும் அந்தச் சிற்பத்துக்கு ஆயுள் குறைவு. படுக்க வைப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வைப்பது பெரிய செலவில்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

படிக்கவோ வேலைக்கோ ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடின்பரோவிலும் டண்டீயிலும் இந்தத் தோட்டங்கள் நகரின் நடுவிலேயே, நுழைவுக் கட்டணம் இல்லாமல் திறந்திருக்கின்றன. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். நண்பகலில் தெரியாத கோடுகள் அப்போது தெரியும். கல்லின் பின்புறத்தையும் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். சுண்ணக்கட்டியோ மாவோ பூசாதீர்கள். எடுத்த படத்தோடு ஊர், தோட்டம், கல் நிற்கும் இடம், எடுத்த தேதி ஆகியவற்றைக் குறித்து, உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கோ ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அமைப்புக்கோ தெரியப்படுத்துங்கள்.